எந்தத் தடுப்பூசி தள்ளிப்போகலாம், எது தள்ளிப்போகவே கூடாது? பிறப்பு முதல் முதுமை வரை

அரசு ஆரம்ப சுகாதார நிலையம் தரும் தாய் சேய் நல அட்டையில் ஒரு தடுப்பூசிப் பட்டியல் இருக்கிறது. அதே குழந்தையைத் தனியார் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் தரும் புத்தகத்தில் அதைவிட நீளமான இன்னொரு பட்டியல். வீட்டு நிலவரமோ வேறு மாதிரி. ஒரு புதன்கிழமை குழந்தைக்குச் சளி, அடுத்த புதன் ஊர்த் திருவிழா, அதற்கடுத்த வாரம் தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் பயணம். பத்தாவது வாரம் போட வேண்டிய ஊசி பதினாறாவது வாரத்தில் வந்து நிற்கிறது. இதுவரை போட்டதெல்லாம் வீணா, மறுபடி முதலிலிருந்தா என்று கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசி என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், "அதான் சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சே" என்று கையெழுத்துப் போடாமல் விடுகிறார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் தேடுவதைவிட, அட்டவணையில் உள்ள வயதுகள் எப்படித் தீர்மானிக்கப்பட்டன என்று தெரிந்துகொள்வது எளிது. சில தாமதங்களைப் பிறகு ஈடுகட்டிவிடலாம். சிலவற்றை எந்த மருத்துவராலும் ஈடுகட்ட முடியாது. அட்டையோ இரண்டையும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சிட்டிருக்கிறது.

வயதைத் தீர்மானிப்பது எது?

மூன்று காரணங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன.

1. நோய் எந்த வயதில் கொல்கிறது என்பது. கக்குவான் இருமல், ரோட்டா வயிற்றுப்போக்கு, நியூமோகாக்கல் நிமோனியா ஆகியவை முதல் வருடத்தில்தான் மிக ஆபத்தானவை. எனவே இவற்றுக்கான மருந்து எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

2. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. சில மாதங்களுக்கு அதுவே குழந்தைக்குக் காவல். ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள தட்டம்மைக் கிருமியைத் தடுப்பூசியாகச் செலுத்தினால், அதே எதிர்ப்பொருள் அதையும் அழித்துவிடும். எனவே தட்டம்மை ஊசியை ரொம்பச் சீக்கிரம் போட்டால் பலன் குறைவு.

3. குழந்தை எப்போது சுகாதாரத் துறையின் கைக்குக் கிடைக்கும் என்பது. பிரசவ வார்டு ஒரு வாய்ப்பு, பள்ளி இன்னொரு வாய்ப்பு. 10 வயது, 16 வயது என்று அட்டையில் இருப்பதில் உடலியலுக்கு ஒரு பங்கு உண்டென்றால், பிள்ளைகள் வகுப்பறையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு.

முதலிரண்டுக்கும் நடக்கும் இழுபறிக்குத் தட்டம்மையே நல்ல உதாரணம். 9 மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். 12 மாதம் வரை பொறுத்தால் 95 சதவீதத்தை ஒட்டிப் போகும். தட்டம்மை அரிதான நாடுகள் பொறுக்கின்றன. இந்தியாவில் அந்த மூன்று மாத இடைவெளியிலேயே நோய் வந்துவிட வாய்ப்பு அதிகம் என்பதால், குறைந்த பலனை ஏற்றுக்கொண்டு 9 மாதத்தில் போடுகிறோம்.

ஒரே ஊசி ஏன் பல தடவை?

அட்டையில் எல்லாமே 1, 2, 3, பூஸ்டர் என்று வரிசையாக இருப்பதால் எல்லாம் ஒரே காரணத்துக்காக என்று தோன்றும். உண்மையில் காரணங்கள் நான்கு.

1. கட்டியெழுப்ப. கிருமியின் துண்டையோ செயலிழந்த நச்சையோ கொண்டு தயாரிக்கும் ஊசி முதல் தவணையில் உடலுக்கு அறிமுகம் மட்டும்தான் செய்கிறது. இரண்டாவது, மூன்றாவது தவணையில்தான் எதிர்ப்பொருள் தேவையான அளவுக்கு ஏறும். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) இந்த வகை.

2. தவறியவர்களைப் பிடிக்க. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை முதல் தவணைக்கு வலு சேர்ப்பதற்காக அல்ல. முதல் தவணை 'பிடிக்காத' அந்த 15 சதவீதக் குழந்தைகளுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. யார் அந்த 15 சதவீதம் என்று வெளியிலிருந்து தெரியாததால் எல்லோருக்கும் போடுகிறோம்.

3. தேய்ந்துபோனதைப் புதுப்பிக்க. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), ரண ஜன்னி (டெட்டனஸ்), கக்குவான் ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பு வருடங்கள் போகப் போகக் குறையும். பூஸ்டர் என்ற பெயர் சரியாகப் பொருந்துவது இதற்குத்தான்.

4. கிருமி மாறிவிடுவதால். இன்ஃப்ளூயன்சா ஊசி வருடந்தோறும் போடப்படுவதற்கு இது முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை எந்த வகை வைரஸ்களைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது.

"முதலிலிருந்தா?" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. உடல் அறிமுகத்தை மறப்பதில்லை. இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தபட்சம் 4 வாரம் இருக்க வேண்டும். அதற்குக் குறையக் கூடாது. ஆனால் இடைவெளி கூடிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். கூடிய வாரங்களில் குழந்தை பாதுகாப்பில்லாமல் இருந்தது மட்டும்தான் நஷ்டம். போட்ட ஊசி வீணாகவில்லை. சாதாரணச் சளி, லேசான இருமல், லேசான வயிற்றுப்போக்கு இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

முதல் 24 மணி நேரம்

பிறந்தவுடன் மூன்று: ஹெபடைடிஸ்-பி ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்தின் 'பூஜ்ய' தவணை.

தள்ளிப்போகவே கூடாதவற்றில் முதலிடம் ஹெபடைடிஸ்-பி ஊசிக்கு. தாயின் ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றும். வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நாள்பட்ட நோயாக மாறும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு உடலிலேயே தங்கிவிடும். முப்பது, நாற்பது வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். வைரஸ் கல்லீரலில் காலூன்றுவதற்கு முன் ஊசி முந்திக்கொள்ள வேண்டும் என்பதால்தான் 24 மணி நேரக் கெடு. ஆறாவது வாரத்தில் பென்டாவேலன்ட்டில் இதே மருந்து இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. அது முந்துகிற பந்தயத்துக்கு ஆகாது.

பி.சி.ஜி. பற்றி நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: 'டி.பி. ஊசி போட்டிருக்கு, டி.பி. வராது.' இதைப் பொய்யாக்கிய ஆய்வு நடந்ததும் நம் ஊரில்தான். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. பரிசோதனை உலகின் மிகப் பெரிய தடுப்பூசிப் பரிசோதனைகளில் ஒன்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி.யும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதற்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு நல்ல பாதுகாப்பைக் காட்டியிருந்தது. செங்கல்பட்டு முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 15 வருடத் தொடர்கண்காணிப்புக்குப் பிறகும் அதே முடிவுதான்.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறோம்? குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் அது நன்றாகத் தடுக்கிறது. இவை சின்னக் குழந்தைகளைக் கொல்லும் வடிவங்கள் என்பதால் பிறந்தவுடனேயே போட வேண்டும். ஒரு வயதுக்கு மேல் அரசுத் திட்டத்தில் போடுவதில்லை. இடது மேல்கையில் சில வாரங்கள் கழித்து ஒரு சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். அதன்மேல் மஞ்சளோ களிம்போ தடவ வேண்டாம். தழும்பு விழவில்லை என்றாலும் மறுபடி போட வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் பெரியவர், தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது என்ற தைரியத்தில் சளிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

6, 10, 14 வாரம்: காய்ச்சல் வரும் ஊசி, வராத ஊசி

பென்டாவேலன்ட் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ்-பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளை உறை அழற்சியும். இந்தியாவில் இது முதலில் அறிமுகமானது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். ஆறாவது வாரப் புதன்கிழமையில் குழந்தைக்கு இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நியூமோகாக்கல், வலது மேல்கையின் தோலுக்குள் போலியோ ஊசி, வாயில் ரோட்டா, போலியோ இரண்டும் போகும். எந்த இடத்தில் வீக்கம் வந்தால் எந்த மருந்தால் என்று கண்டுபிடிக்கவே இந்த இட ஒழுங்கு. ஊசி போட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள்; மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

அன்று ராத்திரி காய்ச்சல் வருகிறது. தனியாரில் 'வலியில்லாத ஊசி', 'காய்ச்சல் வராத ஊசி' என்று விலை அதிகமான ஒன்று இருக்கிறது. வித்தியாசம் கக்குவான் பகுதியில். அரசு ஊசியில் கக்குவான் கிருமி முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. மற்றதில் அந்தக் கிருமியின் தேர்ந்தெடுத்த சில புரதங்கள் மட்டும். உடல் முழுக் கிருமியைப் பார்த்துப் பலமாக எதிர்வினை காட்டுகிறது. காய்ச்சல் அதன் பக்கவிளைவு. புரதத் துண்டு ஊசிக்குக் காய்ச்சல் குறைவு. பாதுகாப்பும் வேகமாகத் தேய்கிறது. இந்த வகைக்கு முழுதாக மாறிவிட்ட அமெரிக்காவில், 2010இல் கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 9,000 பேருக்கு மேல் கக்குவான் வந்து, 10 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. முறைப்படி ஊசி போட்ட பள்ளிப் பிள்ளைகளிடமும் நோய் கணிசமாகக் காணப்பட்டது. ஒரு ராத்திரி பாராசிட்டமால் சொட்டு மருந்தோடு போய்விடும் காய்ச்சலுக்காகக் கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த பாதுகாப்பை வாங்குவது எனக்கு லாபமான வியாபாரமாகத் தெரியவில்லை. வலிப்பு வரும் குழந்தை, முந்தைய தவணைக்குக் கடுமையான எதிர்வினை கண்ட குழந்தை என்றால் கதை வேறு. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

ரோட்டா சொட்டு மருந்து, தாமதத்தை ஈடுகட்ட முடியாத இரண்டாவது வகை. 1999இல் அமெரிக்காவில் முதல் ரோட்டா மருந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் சிக்கல் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. இப்போதுள்ள மருந்துகளில் அந்த ஆபத்து மிகச் சிறிது. ஆனாலும் குழந்தை வளர வளர அந்தச் சிக்கல் இயல்பாகவே கூடும் வயது வருகிறது. எனவே தனியார் குழந்தை மருத்துவர்கள் முதல் தவணைக்கு 15 வாரம் என்று கெடு வைக்கிறார்கள். அரசு ஒரு வயது வரை தொடங்க அனுமதிக்கிறது. வயிற்றுப்போக்கால் இறக்கும் ஆபத்து இங்கே பெரிது என்பதே அதன் கணக்கு. ஒரு வயது தாண்டினால் இரண்டு பட்டியலிலும் இடமில்லை.

போலியோ இந்தியாவில் கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழும் வந்துவிட்டது. பிறகும் சொட்டு மருந்தும் ஊசியும் ஏன்? பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் இருக்கிறது. சொட்டு மருந்து குடலில் காவல் நிற்கிறது, ஊசி நரம்பு மண்டலத்தைக் காக்கிறது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி நீக்கப்பட்டதால், அந்த வகைக்கு எதிரான காவல் இப்போது ஊசியிடம் மட்டும்தான். 2023 முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது ஊசியும் சேர்ந்திருக்கிறது.

9 மாதமும் 16-24 மாதமும்: 1,000 குழந்தைகளின் கணக்கு

தட்டம்மையைப் போல வேகமாகப் பரவும் நோய் அரிது. தடுப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். சங்கிலி அறுபட வேண்டுமானால் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் தடுப்பாற்றலோடு இருக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தில் 1,000 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 900 பேருக்கு முதல் தவணை போட்டாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 900இல் 15 சதவீதம், அதாவது 135 பேருக்கு ஊசி பிடிக்கவில்லை. போடாத 100 பேரையும் சேர்த்தால் 235 குழந்தைகள் திறந்த வெளியில் நிற்கிறார்கள். அடுத்த வருடம் பிறப்பவர்களிலும் இதே எண்ணிக்கை சேரும். நான்கைந்து வருடத்தில் ஒரு பள்ளிக்கூடமே நிரம்பும் அளவுக்குப் பலவீனமானவர்கள் திரண்டுவிடுவார்கள். அப்போது நோய் வரும். இரண்டாம் தவணையை 'பூஸ்டர்தானே' என்று விடுவதன் விளைவு இது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் பறந்தன. பல பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள். 'ஏற்கனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு?' என்பதுதான் பலரைக் குழப்பிய கேள்வி. மேலே சொன்ன 135 பேர்தான் அதற்குப் பதில். இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்கியிருந்தால் பாதி வதந்திக்கு இடமிருந்திருக்காது.

ரூபெல்லா குழந்தைக்குச் சாதாரண நோய். கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் வந்தால் கருவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. ஆக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் ஒன்பது மாதக் குழந்தை, பெரும்பாலும் இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்காகத்தான் போட்டுக்கொள்கிறது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டங்களிலும் கிடையாது. பன்றி, நீர்ப்பறவை, வயல்வெளிக் கொசு மூன்றும் சேரும் இடங்களில்தான் இந்த நோய். இந்தியாவில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். கடலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் அட்டவணையில் இருக்கும். பக்கத்து மாவட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். அது அலட்சியம் அல்ல.

5, 10, 16 வயது: அட்டையை மறந்துவிடும் காலம்

நம் தடுப்பூசித் திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒன்றரை வயது வரை கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார், அங்கன்வாடியில் கேட்கிறார்கள், மகப்பேறு நிதியுதவியின் தவணைகூட ஊசியோடு இணைக்கப்பட்டிருந்தது. பிறகு யாரும் கேட்பதில்லை. 5-6 வயதில் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்தது) இரண்டாவது பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. 2019இல் பழைய டெட்டனஸ் ஊசியின் இடத்துக்கு இது வந்தது. மக்கள் இரண்டையும் 'டி.டி. ஊசி' என்றே சொல்வதால் மாற்றம் பலருக்குத் தெரியவில்லை.

மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஊசி ஒழுங்காகப் போகப் போக, தொண்டை அடைப்பான் பெரிய பிள்ளைகளை நோக்கி நகர்ந்துவிட்டது. கேரளத்தின் மலப்புரத்தில் 2016இல் அது தலைதூக்கியபோது பதின்பருவப் பிள்ளைகள் இறந்தார்கள். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். அதன் நச்சு இதயத்தையும் தாக்கும்.

எச்.பி.வி. ஊசியும் இந்த வயதுக்குரியதுதான். கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 எண் வகைகளே காரணம். தொற்றுவதற்கு முன் போட்டால்தான் பலன்; தொற்றியதை அது அகற்றாது. எனவே 9 முதல் 14 வயது. 2009இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த முன்னோடித் திட்டம், சில சிறுமிகளின் மரணத்தையும் பெற்றோர் ஒப்புதல் பெற்ற விதத்தில் இருந்த முறைகேடுகளையும் அடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னாலும் ஒப்புதல் விஷயத்தில் நடந்தது தவறு. அந்தத் தவறின் விலையாக நாடு பல வருடங்களை இழந்தது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டு ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடுவதாக அறிவித்தது. 15 வயதுக்கு முன் தொடங்கினால் இரண்டு தவணை. ஒன்றே போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. 15க்கு மேல் தொடங்கினால் வழக்கமாக மூன்று. தள்ளிப்போட்டால் செலவும் ஏறும், பலனும் குறையும். ஊசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

அரசுப் பட்டியலில் இல்லாதவை

தனியார் பட்டியலில் கூடுதலாக இருப்பவை: டைபாய்டு, சின்னம்மை, ஹெபடைடிஸ்-ஏ, இன்ஃப்ளூயன்சா, பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். அரசு போடவில்லை என்பதால் தேவையற்றவை அல்ல. தனியார் சொல்கிறார்கள் என்பதால் எல்லாம் சமமான அவசரமும் அல்ல. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வாங்கும் அரசு எந்த நோய் அதிகம் கொல்கிறது என்று பார்க்கிறது. உங்கள் மருத்துவர் உங்கள் குழந்தையை மட்டும் பார்க்கிறார்.

காசு ஒரு ஊசிக்குத்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு டைபாய்டு ஊசிக்கு. வேலூர் உட்படச் சில நகரங்களில் நடந்த ஆய்வு, நகர்ப்புறக் குழந்தைகளிடம் டைபாய்டு மிக அதிகம் என்று காட்டியது; ஆன்டிபயாட்டிக்குகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்து வருவதும் கூடுதல் காரணம். சின்னம்மை குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். வளர்ந்தபின் வந்தால் கடுமை. பன்னிரண்டு வயதாகியும் வராத பிள்ளைக்கு அந்த ஊசியின் மதிப்பு கூடும்.

கர்ப்பகாலம்

கர்ப்பம் உறுதியானதும் டெட்டனஸ்-டிப்தீரியா முதல் தவணை, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கருத்தரித்தால் ஒரு பூஸ்டர் போதும். இந்த ஊசி தாய்க்கு மட்டுமல்ல. தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய், தொப்புள்கொடிக் காயம் வழியாக வரும் ரண ஜன்னியைத் தடுக்கிறது. ஒரு காலத்தில் பச்சிளம் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அந்த நோய் ஒழிக்கப்பட்ட நிலையை இந்தியா 2015இல் எட்டியது.

கக்குவானும் சேர்ந்த ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் தனியார் மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள்; குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும்வரை கக்குவானுக்கு எதிராக வேறு காவல் கிடையாது. இன்ஃப்ளூயன்சா ஊசியும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைக் கர்ப்பத்தில் போடக் கூடாது; திருமணத்துக்கு முன்போ, கருத்தரிக்கத் திட்டமிடும் முன் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட்டோ போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களும் முதியவர்களும்

ஆணி குத்தினால் ஒரு டி.டி., கண்ணாடி கீறினால் இன்னொன்று என்று வருடத்துக்கு இரண்டு தடவை போட்டுக்கொள்பவர்கள் நம்மிடம் நிறைய. முழுத் தவணைகளும் முடித்தவருக்குச் சுத்தமான காயம் என்றால் பத்து வருடத்துக்குள்ளும், மண்ணோ சாணமோ பட்ட காயம் என்றால் ஐந்து வருடத்துக்குள்ளும் மறுபடி தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடாத அதே வீட்டில் இது நடப்பதுதான் வேடிக்கை. ரண ஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாத நோய்; ஊரே போட்டிருந்தாலும் போடாதவரை அது காப்பாற்றாது.

அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய, நுரையீரல், சிறுநீரக நோயாளிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு: வருடந்தோறும் இன்ஃப்ளூயன்சா, மருத்துவர் சொல்லும் முறைப்படி நியூமோகாக்கல். சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இன்ஃப்ளூயன்சா ஏறுவதால், மழைக்கு முந்தைய வாரங்கள் உகந்தவை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ்-பி ஊசி அவசியம். அக்கி வராமல் தடுக்கும் ஊசி 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு; இரண்டு தவணை, விலை அதிகம்.

எந்த அட்டவணையிலும் இல்லாத, ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதது நாய்க்கடி ஊசி. கடித்த இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கடித்த நாள், 3, 7, 28ஆம் நாள் என்று தோலுக்குள் போடுகிறார்கள். ரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்பொருள் மருந்து) வேண்டும்.

மருந்துக் குப்பியும் தொலைந்த அட்டையும்

தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பல குப்பிகளின் லேபிளிலோ மூடியிலோ ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் போடக் கூடாது. தட்டம்மை-ரூபெல்லா குப்பியைத் திறந்த நேரத்தைச் செவிலியர் அதன்மேலேயே எழுதுவார். நான்கு மணி நேரத்தில் தூக்கி எறிய வேண்டும். அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்ப்பதில்லை. நேரம் எழுதியிருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2008இல் திருவள்ளூரில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே வந்து போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடும் முறைக்குத் தமிழ்நாடு மாறியது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் ஏறக்குறைய 81 சதவீதம். 2015-16இல் 70க்கு இறங்கி, 2019-21இல் 89க்கு ஏறியது. இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஐந்து கிலோமீட்டர் தூரம் என்பது ஒரு நாள் சம்பளம்.

அட்டை தொலைந்துவிட்டால் போட்ட இடத்துப் பதிவேட்டிலோ அரசின் தடுப்பூசிப் பதிவு இணையதளமான யு-வினிலோ தேடலாம். கிடைக்காவிட்டால் போடாததாகவே கணக்கில் எடுத்து, வயதுக்கு ஏற்றபடி தொடங்குவார்கள்: தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரை, முத்தடுப்பு ஏழு வயது வரை, அதற்கு மேல் டெட்டனஸ்-டிப்தீரியா. ஏற்கனவே போட்டிருந்து ஒரு தவணை கூடிப்போனால் கை இரண்டு நாள் கூடுதலாக வலிக்கலாம். அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் ஆகாது.